தலையீடு

தொடாமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி
இரண்டு கையும் இருக்க வேண்டும்.
அது தானாகத் திரும்பும்.
பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடக்கிற மாதிரி என்று
முதல் நாள் நினைத்தேன்.
இப்போது, தூக்கத்தில் புரள்கிற பிள்ளை மாதிரி.

பன்னிரண்டு வருஷம் இந்த வழியில்
காரட் ஏற்றிப் போனவள் நான்.
கோத்தகிரி, அரவேனு, மாமரம், குஞ்சப்பனை.
கூரையில் சுழல்கிற டப்பா
நொடிக்குப் பத்துத் தடவை மலையைத் தடவிப் பார்க்கிறது.
பின்சீட்டில் ஜெனிஃபா, மடியில் கணினி.
திரை எல்லாவற்றையும் பெட்டிக்குள் போடுகிறது.
பஸ் நீலம். ஆள் மஞ்சள்.
சில்வர் ஓக்குக்கு நிறமே இல்லை,
அது அசையாதாம்.
ஆடிக் காற்றில் வந்து பார் என்றேன்.
சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

அது குடிப்பதில்லை.
போன் வந்தால் எடுப்பதில்லை.
மாமரம் தாண்டி ஒரு வளைவில்
தடுப்புச் சுவர் ஒரு பத்தடிக்கு மட்டும்
வெள்ளையாய்ப் புதிதாய் நிற்கும்.
வண்டியின் வரைபடத்தில் அந்தச் சுவர் இருக்கிறது,
ஓர் அங்குலம் பிசகாமல்.
ஏன் புதிது என்பது இல்லை.
என் கொழுந்தன் மரியசெல்வம்.
ஒரே ராத்திரியில் மூன்றாவது டிரிப்.

இது தூங்காது.
அதை மட்டும் நான் யாரிடமும் ஒப்புக்கொள்வேன்.

ஜீப் ஸ்டாண்டில் கேட்கிறார்கள்,
எப்போ வருதாம்?
இன்னும் இருபத்தேழு தவணை பாக்கி இருக்கிறவர்கள்
கேட்கிற குரலில் கேட்கிறார்கள்.
பேட்ஜைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டு
எனக்கென்ன தெரியும் என்கிறேன்.

அன்றைக்கு மேகம்
ரோட்டில் இறங்கிப் படுத்துவிட்டது.
வண்டி நின்றது.
திரையில் ஒரு பெட்டி, பெயரில்லாமல், சாம்பலில்.
பெரிதானது. சிறிதானது.
"மூட்டம்தான்க்கா, சென்சார் குழம்புது" என்றாள்.
கண்ணாடியை விரலளவு இறக்கினேன்.
பலாப்பழ வாசனை.
குஞ்சப்பனையில் பழம் பழுத்தால்
முதலில் யாருக்குத் தெரியும் என்று
இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.
ஜெனிஃபா, பேசாதே என்றேன்.

ஏழு நிமிஷம்.
பெட்டி இடப்பக்கச் சரிவில் இறங்கிப் போனது.
பின்னாலேயே ஒரு சின்னப் பெட்டி.
நானாக ஓட்டியிருந்தால்
அடுத்த வளைவு வரை போயிருப்பேன்.
இருப்பதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் சிக்கல்.
கீழிருந்து தேயிலை லாரி, போஜன் அண்ணன்.
ஏறுகிறவனுக்கு வழி என்பது
வண்டிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நின்றது.
அவரோ யாரும் பிடிக்காத ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு
அவரும் நின்றார்.
லைட்டை இரண்டு தடவை அடித்தார்.
நீ வா என்பதற்கா, நான் வருகிறேன் என்பதற்கா?
இந்த மலையில் இரண்டுக்கும் அதே இரண்டு தடவைதான்.
யார் அடிக்கிறார், எந்த வளைவில்,
லோடா காலியா,
நேற்று அவரோடு சண்டையா
எல்லாம் சேர்ந்துதான் அர்த்தம்.

வண்டி நின்றது. லாரி நின்றது.
பின்னால் மேட்டுப்பாளையம் பஸ்,
அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வேன்,
மாப்பிள்ளை இறங்கி எட்டிப் பார்க்கிறார்.
எல்லோரும் விட்டுக்கொடுத்து
யாரும் போகாத ரோடு.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன்.
உள்ளங்கை தன்னைப் பார்க்க, இரண்டு அசைப்பு.
அவ்வளவுதான்.
லாரி முனகிக்கொண்டு ஏறியது.
என்னைக் கடக்கும்போதும் போஜன் அண்ணன்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

செக்போஸ்டில் நிறுத்திப் படிவம் நிரப்பினாள் ஜெனிஃபா.
தலையீடு: ஆம், இல்லை.
பிரேக் தொட்டீங்களாக்கா?
இல்லை.
ஸ்டியரிங்?
இல்லை.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே
அம்புக்குறி நின்று துடித்துக்கொண்டிருந்தது.

என் வலது கை
முழங்கை வரை நனைந்திருந்தது.